பதினேழாம் கேள்வி

பெரிய டாக்டர் பேசிக்கொண்டே அவித்த முட்டை உரிப்பார். ஓட்டை நோயாளிகளின் கோப்பு மேலேயே போடுவார். ஐந்து வருடமாக அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான்.

எங்கள் பிரிவில், கல்லீரலில் கொழுப்பு படிகிற நோய்க்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நாற்பது நோயாளிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். ரத்தம் எடுத்து, ஒரு குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பி, இன்னொன்றை ஃப்ரீசரில் வைத்து, படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் கேட்டு எழுதுவது எங்களைப் போன்ற நர்ஸ்களின் வேலை. பதினேழாம் கேள்வி குடியைப் பற்றியது. வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், சொன்னதை அப்படியே எழுத வேண்டும்.

முப்பத்தொன்றாம் நோயாளி என் அத்தான், அக்காவின் கணவர். லிப்ட் மெக்கானிக். சர்க்கரை, தொப்பை, கொழுப்பு படிந்த ஈரல், மூன்றும் இருந்ததால் சோதனையில் சேர்த்துவிட்டதே நான்தான். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் சோடா. எந்த விருந்திலும் மூலையில் ஒரு சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் தள்ளாடுகிறவர்களை வீட்டில் இறக்கிவிட்டு வருகிற ஆள்.

முதல் இரண்டு முறை அவரை இன்னொரு நர்ஸ் கேட்டாள். மூன்றாம் முறை அவள் விடுப்பு. அத்தான் எதிரில், அக்கா அவர் பக்கத்தில். பதினாறு வரை மளமளவென்று வந்துவிட்டேன். பதினேழில் நாக்கு எழவில்லை. என்னைப் படிக்க வைத்த மனிதர். அவரிடம் போய் எவ்வளவு குடிப்பீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் 'இல்லை' என்று எழுதினால் பொய். அதனால் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெரிய அரிச்சந்திரன் பேத்தி! பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன்.

இரண்டு மாதத்தில் அத்தானின் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. ஈரல் கைவிட்டுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். தன் ஈரலில் பாதியைக் கொடுக்க அக்கா முன்வந்தாள். எல்லாம் பொருந்தியது. மாற்று சிகிச்சைக் குழு சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் சோதனைக் கோப்பை வாங்கிப் பார்த்த குழுவிடமிருந்து ஒரு தாள் வந்தது: 'நோயாளி குடிப்பவர். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டிய பின் பரிசீலிக்கப்படும்.' வார்டு டாக்டரோ ஆறு வாரம் தாங்கினாலே பெரிது என்றார்.

எனக்கு ஈரக்குலை நடுங்கியது. ஓடிப்போய்க் கோப்பைப் பிரித்தேன். நர்ஸ்கள் நீல மையில்தான் எழுதுவோம். நான் விட்டுவைத்த கட்டத்தில் கருப்பு மையில் இருந்தது: 'குடிக்கிறார். சோதனையிலிருந்து நீக்கம்.' கருப்புப் பேனா எங்கள் பிரிவில் ஒருவரிடம்தான் உண்டு.

"ஏன் டாக்டர் இப்படி எழுதினீங்க?"

பெரிய டாக்டர் முட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலியா இருந்துச்சு. முதல் ரெண்டு தடவை இல்லைன்னான். இப்பவும் குடிக்காதவன்னா பட்டுன்னு சொல்லியிருப்பான். சொல்லலைன்னா என்ன அர்த்தம்?"

"நான் கேக்கவே இல்ல டாக்டர்."

"அப்ப தப்பு யாரு மேல?" பாதி முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். "மாத்திரையால யாருக்கும் கெடுதல் இல்லைன்னு அடுத்த வாரம் கட்டுரை அனுப்புறேன். முப்பத்தொன்பது பேரு நல்லா இருக்காங்க. உங்க அத்தான் ஒருத்தருக்காக மாத்திரை மேல பழி போடணுமா? கேக்காம விட்டேன்னு வெளிய சொல்லிப் பாருங்க, நீங்க எழுதின அத்தனை படிவமும் குப்பைக்குப் போகும். பின்னாலேயே நீங்களும்."

உதட்டோரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. ஒரு மனிதனைக் குடிகாரனாக்க இவருக்கு ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது, அதுவும் தின்றுகொண்டே.

வார்டுக்குப் போனேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அத்தானின் அழுக்குச் சட்டை அவள் கையில். கழுத்துப்பட்டியை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து மோந்தாள்.

"என்னக்கா பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "பெரிய டாக்டரே எழுதியிருக்காராமே. அவரு பொய் எழுதுவாரா? இவரு மணிக்கணக்கா லிப்டு குழிக்குள்ள தனியா கெடக்குறாரு. யாரு கண்டா?"

"பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ பேசுற பேச்சா இது?"

"பாதி ஈரலை அறுத்துக் குடுக்கப் போறவ நான்டி. அதையும் இவரு குடிச்சே அழிச்சிட்டா?"

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே காமாலை வந்தது ஒருவருக்கு, கண் மஞ்சளானது மற்றவர்களுக்கு. அக்காவின் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டு அவள் கையில் அந்தச் சட்டையைக் கொடுத்தது நான்தான் என்று உறைத்தபோது, என் மேல் அதைவிட அருவருப்பாக இருந்தது. கட்டிலில் அத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இமை மட்டும் துடித்தது.

சில வாரங்களுக்குள் குடித்திருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்றே ஒரு பரிசோதனை உண்டு. அத்தானின் மூன்று குப்பிகள் ஃப்ரீசரில் இருந்தன. மாற்று சிகிச்சைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்: நான் கேட்கவில்லை, கட்டத்தை நான் காலியாக விட்டேன், அதை நிரப்பியது வேறு கை, இந்தக் குப்பிகளையும் இன்றைய ரத்தத்தையும் சோதியுங்கள். ஃப்ரீசர் சாவி வைத்திருந்த லேப்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல கையெழுத்து போட்டா உங்க கதை முடிஞ்சுது, தெரியும்ல?"

"தெரியும். பேனாவைக் குடுங்க."

நான்காம் நாள் முடிவு வந்தது. நான்கு குப்பியிலும் குடியின் தடயமே இல்லை. கட்டுரையை நிறுத்திவைத்தார்கள். மாத்திரையையும் கருப்புப் பேனாவையும் விசாரிக்கப் போகிறார்களாம். விசாரிக்கட்டும். குழுவின் தலைவியான அறுவை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ரத்தம் சொல்லிடுச்சு, ஆபரேஷன் திங்கக்கிழமை. ஆனா படிவம் இன்னும் தப்பாத்தான் இருக்கு. கேக்காம விட்டவங்களே போய் கேட்டு எழுதிட்டு வாங்க. இங்க நீங்க செய்யப்போற கடைசி வேலை அதுதான்."

படிவத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தேன். ரத்த முடிவு தெரிந்ததிலிருந்து அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அத்தானின் முகத்தைப் பார்த்தேன்.

"அத்தான், வாரத்துக்கு எத்தனை நாள் குடிப்பீங்க?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னை ஏம்மா கேக்குற? உங்க அக்காவைக் கேளு. சட்டை சட்டையா மோந்து பாத்தவ அவதான்."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"நீங்கதான் அத்தான் சொல்லணும்."

"ஒரு நாளும் இல்ல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நீல மையில் அப்படியே எழுதினேன். அன்றைக்கே கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.