செல்ஃப் எடுக்காத ஞாயிறு

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஷர்மிளா மறுபடி திருப்பினாள். மறுபடியும் 'டக்'. ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். ஹாரன் மட்டும் ரோஷமாகக் கத்தியது.

நாளை விடிந்தால் வேலையில் சேர வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. அணைக்கட்டிலிருந்து பஸ் பிடித்து, வேலூரில் மாறி, ராணிப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ தேடினால், முதல் ஷிப்ட்டுக்கு கேட் மூடிய பிறகுதான் போய்ச் சேரலாம். "முதல் நாளே லேட்டுன்னா அடுத்த ஆளக் கூப்ட்டுடுவோம் மேடம்" என்று போனில் அந்தப் பெண் தேன் குரலில் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அண்ணனிடமிருந்து இந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டவும் பழகியிருந்தாள். சர்ச் முடிந்து வந்ததும் ஒரு தடவை ராணிப்பேட்டை வரை ஓட்டி வழி பார்த்து வரலாம் என்று உட்கார்ந்தால், அது 'டக்' என்கிறது.

அவள் கணவன் தானியேல், ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் கட்டிங் செக்‌ஷனில் இருப்பவன், பானட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் 'பார்க்கலாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வான். கல்யாணத்துக்கு முன்பு ஷர்மிளாவும் ஆம்பூரில்தான் வேலை பார்த்தாள். இப்போது ஹாஸ்டலில் படிக்கும் மகள் பிறந்து வேலையை விட்டபின் மூன்று இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் தானியேல் சொன்னது அந்த ஒரே வார்த்தைதான். பார்த்துப் பார்த்தே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்தத் தடவையும் அவன் 'பார்க்கலாம்' என்றுதான் ஆரம்பித்தான். இவள் காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக மனிதன் காரையே சுற்றிச் சுற்றி வந்தான். இன்ஜினை மட்டும் பார்த்தான் என்றால் பரவாயில்லை. ஃபேக்டரியில் மிஞ்சும் துண்டுத் தோலைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கு உறை தைத்தான். கியர் குச்சிக்குத் தொப்பி தைத்தான். அந்த வீட்டில் எது ஆடினாலும் தோல்தான் மருந்து. கட்டில் காலுக்குத் தோல், ஃபேன் கொக்கிக்குத் தோல், மிக்ஸிக்கு அடியில் தோல். 'கல்யாணப் பொண்ணுக்கு சோடிக்கிற மாதிரி சோடிக்கிறாரு, ஆயில் பாத்தாரான்னு தெரியல' என்று ஷர்மிளா உள்ளுக்குள் கடுகடுத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அப்துல் ஹமீத் வந்தார். ஒருகாலத்தில் தோல் லாரி ஓட்டியவர். "லைட்டப் போட்டுக்கினு சாவியத் திருப்பும்மா" என்றார். திருப்பினாள். 'டக்.'

"லைட்டு கொஞ்சம்கூட மங்கல பாரு. பேட்டரி ஜோரா கீது. இன்ஜினச் சுத்திவுடற செல்ஃப் மோட்டார்தான் போய்ட்டிருக்கும்."

தெருவே சேர்ந்து தள்ளியது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் குலுங்கிப் பற்றிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், ஷர்மிளா சிரிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் காரை எடுக்கும்போது யாரைத் தள்ளச் சொல்வது? சூப்பர்வைசர் அம்மா முதல் நாளே வாட்ச்மேனிடம் போய்க் கெஞ்சுவதா?

ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடை பூட்டு. தானியேலே கழற்றினான். முதலில் பேட்டரியின் மைனஸை எடுத்துவிட்டான். பிறகு மோட்டாரின் தடித்த ஒயரையும் சின்னப் பின்னையும் பிடுங்கி, இரண்டு போல்ட்டைத் திருகி, கியர்பாக்ஸோடு ஒட்டிக்கிடந்த மோட்டாரை உருவினான். கைக்கு அடக்கமாக, ஆனால் அம்மிக்குழவிக் கனம் இருந்தது. வாசலில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து இழுத்த ஹமீத் பாயின் ஜம்ப் கேபிளில் கறுப்பை மோட்டாரின் உடம்பில் கவ்வவிட்டான். சிவப்பைத் தடித்த போல்ட்டில் கவ்வவிட்டு, அங்கிருந்து ஒரு துண்டு ஒயரைச் சின்னப் பின்னில் தொட்டான். பல்சக்கரம் வெளியே துள்ளி விர்ரென்று சுற்றியது. மோட்டார் அவன் காலடியிலேயே திமிறியது.

"நல்லாதானே சுத்துது?" என்றாள் ஷர்மிளா.

"தரையில சும்மா சுத்தும். இன்ஜினத் தள்ற லோடு வந்தா படுத்துக்கும். வேற மாத்திடலாம்" என்றான் தானியேல். ஹமீத் பாயும் தலையாட்டினார்.

வேறு மோட்டார் தேடி அவன் வேலூருக்கு பைக்கில் கிளம்பினான். ஷர்மிளாவுக்கு உட்கார முடியவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். நாளைக்குக் கட்டப்போகும் புடவையைத் தேய்த்தாள். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மூடினாள். போன் செய்தாள், எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை. வேலூர் லாங் பஜார் போய்வர இவ்வளவு நேரமா? அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. முந்தாநாள் வரை ஒழுங்காக ஓடிய கார். நேற்று முழுக்க பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது யார்? வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதன் வேறு எப்படிச் சொல்வான்? சே, அப்படி இருக்காது என்று தலையை உதறினாள். நினைப்பு உதிரவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் வியர்த்து வழிந்துகொண்டு தானியேல் வந்தான். ஞாயிறு என்பதால் பாதிக் கடை மூடிக்கிடந்ததாம், அலைந்து திரிந்து ரீகண்டிஷன் மோட்டார் ஒன்று பிடித்தானாம், கடையிலேயே ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார்களாம். மாட்டினான். ஒயர்களைக் கொடுத்தான். கடைசியில் பேட்டரி மைனஸைப் போட்டுவிட்டு, "திருப்பு" என்றான்.

'டக்.'

ஷர்மிளா காரிலிருந்து இறங்கினாள். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"நான் வேலைக்குப் போவக்கூடாது. அதானே உனுக்கு? நீயே இன்னாவோ பண்ணி வெச்சிட்டு நாள் பூரா நாடகம் ஆடறியா?"

ஹமீத் பாய் ஒன்றும் காதில் விழாதவர் போல மெதுவாகத் தன் வீட்டுக்குள் போனார். தானியேல் அவளையே பார்த்தான்.

"அப்படியா நெனைக்கிற?" என்றான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போய்விட்டான்.

சொன்ன வார்த்தை அவளையே சுட்டது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கழற்றிப் போட்ட பழைய மோட்டார் வாசலிலேயே கிடந்தது. தரையில் திமிறியது அது. கடையில் ஓடியது இது. வண்டிக்குள் போனால் மட்டும் இரண்டுமே செத்துப்போகுமா? செக்கிங்கில் ஒரே இடத்தில் இரண்டு ஷூ பிய்ந்தால் ஷூவைத் திட்டமாட்டார்கள், மெஷினைப் பார்ப்பார்கள். தரையில் இருந்தது எது, வண்டிக்குள் இல்லாதது எது? கறுப்புக் கேபிள்! மைனஸை நேராக மோட்டாரின் உடம்பிலேயே கவ்வவிட்டிருந்தார்கள்.

ஜம்ப் கேபிளை எடுத்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கிர்ரென்று கார் உயிர் பிடித்தது.

உடனே அணைத்துவிட்டு, மைனஸைக் கழற்றி, அதிலிருந்து போகும் இரண்டு எர்த் ஒயரையும் போன் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே போனாள். மெல்லியது கார் பாடியில் முடிந்தது. அதனால்தான் லைட்டும் ஹாரனும் ஜோராக இருந்திருக்கின்றன. தடித்தது கியர்பாக்ஸுக்கு இறங்கி ஒரு போல்ட்டில் முடிந்தது. ஒயர் முனையில் கண் போன்ற இரும்பு வளையத்துக்கு மேலே ஒரு தோல் வாஷர், கீழே ஒரு தோல் வாஷர். மோட்டாருக்குப் போய்த் திரும்ப வேண்டிய கரண்ட்டை நடுவில் மாட்டுத்தோல் மறித்துக்கொண்டு நின்றது.

ஆக, அவன்தான். போல்ட்டைக் கழற்றி இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நடக்கும்போதே பழக்கதோஷத்தில் கட்டைவிரல் விளிம்பைத் தடவியது. வழவழவென்று இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தாள். பஞ்ச் மெஷினில் வட்டமாக அடித்து, பிசிறு எடுத்து, விளிம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசிக் காயவைத்திருந்தான். ஏற்றுமதி ஷூவுக்குச் செய்வது போல. கெடுக்க நினைக்கிறவன் விளிம்புக்குச் சாயம் பூசுவானா?

தானியேல் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவள் கையைத் திறந்து காட்டினாள்.

"நான்தான் போட்டேன்" என்றான் உடனே. "அந்த ஒயர் கண்ணு லொடலொடன்னு ஆடிச்சி. ஹைவேல தனியாப் போவ, எங்கயாவது கடகடன்னா பயந்துடுவேன்னு…" பாதியில் நிறுத்தி வாஷர்களை உற்றுப் பார்த்தான். "அடக் கடவுளே. தோல்ல கரண்ட்டு போவாதுல்ல?" பட்டென்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஷர்மிளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"கோவமாங்க?"

"ஆமா. வலிச்சிச்சி" என்றான். ஈரக் கையை உதறினான். "ஆனா நீ அப்படி நெனைக்கிற அளவுக்கு நானும் பண்ணி வெச்சிருக்கேன். பார்க்கலாம் பார்க்கலாம்னே உன்ன உக்கார வெச்சிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் தன் முந்தானையால் அவன் கையைத் துடைத்துவிட்டாள்.

இருவருமாக உப்புத்தாள் வைத்து ஒயரின் கண்ணையும் அது உட்காரும் இடத்தையும் பளபளவென்று தேய்த்து, இரும்போடு இரும்பாக முடுக்கினார்கள். ஜம்ப் கேபிள் இல்லாமலே கிர்ரென்று எடுத்தது. அணைத்துவிட்டுத் திருப்பினாள், எடுத்தது. ஹமீத் பாய் ஜன்னலிலிருந்தே, "மாஷா அல்லாஹ்!" என்றார்.

தானியேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். "ராணிப்பேட்ட வரைக்கும் வழி பாத்துட்டு வர்லாம். நீ ஓட்டு."

அணைக்கட்டைத் தாண்டியதும் டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒன்று கடகடவென்று ஆட ஆரம்பித்தது. தானியேல் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே எப்போதும் நாலு துண்டுத் தோல் இருக்கும்.

"கைய வெக்காதீங்க" என்றாள் ஷர்மிளா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆடட்டும். எனுக்கு பயமில்ல."