அட்டையில் இல்லாத நோய்

காலையிலிருந்து ஆசிரியைக்குக் காய்ச்சல். உள்ளே வந்த பிள்ளைகள் எல்லோரும் அதே காய்ச்சலுக்கு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் வகுப்புக்கு அயல்மொழியில் வாய்மொழித் தேர்வு. ரயில் நிலையம், துணிக்கடை, மருத்துவர் என்று மூன்று அட்டைகள் மேசையில் இருந்தன. மாணவர்கள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எல்லோரும் மருத்துவரையே எடுத்தார்கள். அதில்தான் கேள்விகள் குறைவு. மாணவர் மருத்துவராக இருந்து கேட்க வேண்டும். ஆசிரியை நோயாளி. அவளுடைய பதில்களும் அட்டையில் அச்சாகியிருந்தன: காய்ச்சல், இரண்டு நாள், பசியில்லை. அதைத் தாண்டி அவள் பேசக் கூடாது.

பதிவுக் கருவியைக் கவனிக்கவும் சாட்சிக் கையெழுத்துப் போடவும் வேதியியல் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அதற்காகவே அவரைப் போட்டிருந்தார்கள்.

"வெளியில இன்னும் எத்தனை டாக்டருங்க மேடம்? ஆஸ்பத்திரியே கட்டிரலாம் போலிருக்கே."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும். இருமினால் தொண்டையின் இடது பக்கத்தில், விரல் வைத்தால் தட்டுப்படுகிற அந்த இடம், நெடுநேரம் எரியும். மழைக்காலத்தில் தொடங்கியது. "என்னடி, குரல் ரிப்பேரான ரேடியோ மாதிரி கரகரங்குது?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். "சாக்பீஸ் தூசிங்க" என்றாள். பள்ளியில் சாக்பீஸ் ஒழிந்து வெள்ளைப்பலகை வந்து வருடக்கணக்காகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது.

அடுத்து வந்தவளை வகுப்பில் 'மியூட்' என்று கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். எழுதச் சொன்னால் எழுதுவாள். பேசச் சொன்னால் உதடு மட்டும் அசையும். போன வாரம் அவளுடைய அம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். "இது போச்சுன்னா பரீட்சையே எழுத விட மாட்டாங்களாமே மிஸ்? போன வருஷமும் இதுலதான் விட்டா. இன்னொரு தடவை விட்டா இவ பெரியப்பா படிச்சது போதும்னு சொல்லிருவாரு. பீஸ் கட்டுறது அவருதான்."

அந்தப் பெண்ணும் மருத்துவர் அட்டையையே எடுத்துக்கொண்டாள். சார் கருவியை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம்" என்றாள் பெண் அந்த மொழியில். பிறகு ஒன்றும் இல்லை.

ஆசிரியை காத்திருந்தாள். பெண்ணின் கண்கள் மேசை விளிம்பில் இருந்தன. மனப்பாடம் செய்த கேள்வி எங்கோ பாதி வழியில் நின்றுவிட்டது. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மறுபடி காய்ச்சல் என்று ஆரம்பிக்க ஆசிரியைக்குத் தெம்பில்லை.

"எனக்குத் தொண்டை வலிக்கிறது" என்றாள், அந்த மொழியில்.

பெண் நிமிர்ந்தாள். அட்டையைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையின் கழுத்தைப் பார்த்தாள்.

"எப்போது... இருந்து?"

"நான்கு மாதம். உள்ளே ஒரு கட்டி இருக்கிறது."

"மருத்துவர் போனீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

அந்தக் கேள்வி அட்டையில் கிடையாது.

"பேசக் கூடாது என்று சொல்லிவிடுவார். பேசுவதுதான் என் வேலை."

சொன்ன பிறகும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மொழியில் அந்த வாக்கியத்துக்குக் கனமே இல்லை. பலகையில் எழுதிப் போட்ட உதாரணம்போல இருந்தது.

"நீங்கள் பேசாதே. நான் பேசுகிறது" என்றாள் பெண். பேசவும் செய்தாள். நாளைக்கே போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது, தன் அம்மாவுக்கும் ஒரு முறை இப்படி இருந்தது, மருத்துவர் நல்லவர், ஆனால் மூக்கு பெரிது. வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

சார் கருவியை அணைத்தார். "என்ன மேடம், காய்ச்சலே வரலியே? காலையிலேருந்து கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை எனக்கே பாடமாயிருச்சு."

"அட்டையை விட்டு வெளியே போயிட்டேன் சார்."

"அட ஆண்டவா. அப்ப அழிச்சிட்டு மறுபடி வைக்கணுமா?"

ஆசிரியை பெண்ணைப் பார்த்தாள். "இன்னொரு தடவை பண்றியாம்மா?"

"வேணாம் மிஸ். இன்னொரு தடவை கேட்டா நீங்க காய்ச்சல்னு சொல்லிருவீங்க."

சார் பலமாகச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு விதிமுறைத் தாளைப் புரட்டினார்.

"தேர்வாளர் கவனக்குறைவுன்னா மறுதேர்வு. உடம்பு சரியில்லாததால மாறிப் பேசினாருன்னா இந்தப் பதிவே செல்லும். ஆனா காரணத்தை நான் எழுதணும். தலைவலின்னு போட்ருவோம், விடுங்க."

"போர்டு ஆபீஸ்ல உட்கார்ந்து பதிவைக் கேக்கறவங்களுக்கு மொழி தெரியும் சார். நான் சொன்னதும் நீங்க எழுதறதும் ஒத்துப்போகணும். இல்லேன்னா அவளோடது செல்லாது."

"அப்படி என்னதான் சொன்னீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த மொழியில் அத்தனை லேசாக வந்தது, சொந்த மொழியில் உள்ளேயே நின்றது. அவசரப்படுத்துவார் என்று நினைத்தாள். அவர் பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

"தொண்டையில கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு சார். நாலு மாசமாச்சு."

பேனா கீழே இறங்கியது. "வீட்ல தெரியுமா?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"இதை நான் எழுதினா நாளைக்கே ஹெச்.எம். கூப்பிட்டு லீவு போடச் சொல்லுவாங்க மேடம். கிளாஸை வேற யாருக்காவது குடுத்துருவாங்க. வலின்னு மட்டும் போடவா?"

"கட்டின்னுதான் பதிவுல இருக்கு."

அவர் பேனாவை எடுத்தார். நல்ல கையெழுத்து, நிதானமாக எழுதினார். முடித்ததும் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் ஒருமுறை படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கு உரிய மதிப்பெண்ணைக் குறித்தாள். இலக்கணத்துக்குக் கொஞ்சம்தான் போட முடிந்தது. மொத்தத்தில் தேறியிருந்தாள்.