எச்சம் போடாத பறவைகள்

மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் ஜன்னல்களை இறுக மூடி, ஏசியைப் போட்டுக்கொண்டு இயற்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் மைனாக்கள் கத்தின. அணில் ஒன்று விடாமல் கீச்சிட்டது. திங்கட்கிழமை திறக்கவிருந்த ‘இயற்கை ஒலி வார்டு’க்கான பதிவு அது.

பதிவு செய்தவள் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். அங்கே அவர்தான் மேலாளர். முதலில் சோதனைக்கு வாங்கிப் போட்ட வெளிநாட்டுக் காட்டுச் சத்தத்தை நோயாளிகள் காதிலேயே வாங்கவில்லை. நேற்று இதைப் போட்டதும், மூன்று வாரமாகச் சுவரையே பார்த்துப் படுத்திருந்த லாரி ஓட்டுநர் திரும்பி, “மைனாவுக்குள்ள ஏதோ சண்டை” என்று சிரித்துவிட்டார்.

“பிரமாதம்! எந்தக் காடும்மா?” என்றார் பெரிய டாக்டர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மைனாக்களுக்கு நடுவே கார் ஒன்று பின்னோக்கி நகரும்போது பாடும் மெட்டு ஒலித்தது. அவள் வெட்டியெடுக்க மறந்துபோன துண்டு. அந்த மெட்டு அங்கே ஒரே காருக்குத்தான் உண்டு.

“இது என் காராச்சே!”

“ஆமா சார். காட்டுக்கெல்லாம் போகல. நம்ம கார் நிறுத்துற இடத்துல இருக்கே, அந்த மரத்தடியிலதான் எடுத்தேன்.”

அத்தானின் முகம் செத்துப்போயிற்று. கார்கள்மேல் பறவைகள் எச்சம் போடுகின்றன என்று அந்த மரத்தை நாளைக் காலை வெட்ட ஆள் சொல்லியிருந்தவர் அவர்தான். அது அவளுக்கும் தெரியும். கிடைத்த வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரோ வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு! சத்தம் நம்ம கைக்கு வந்தாச்சு, இனி மரம் எதுக்கு? எச்சம் போடாத பறவைங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவம் படித்தவர் வாயில் வருகிற பேச்சா இது! இதற்கா தானும் துணைபோனோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. மடிக்கணினியை இழுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். மைனாக்கள் பாதியில் நின்றன.

“என்ன பண்றே?” அத்தான் பதறினார்.

“அழிச்சிட்டேன் அத்தான். வேற நகல் கிடையாது. திங்கட்கிழமை சத்தம் வேணும்னா மரம் நிக்கணும்.”

“ஐயோ, என் மானத்த வாங்கறியே! உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“மரத்தை வெட்டச் சொன்னது நீங்கதான்னு அவகிட்ட சொல்லுங்க, அவளே பதில் சொல்லுவா.”

பெரிய டாக்டர் மேசையைத் தட்டினார், கத்தினார், கடைசியில் திறப்பு விழா அழைப்பிதழைப் பார்த்தார். ஊர் முழுக்க அனுப்பியாகிவிட்டது. மனம் திருந்தி அல்ல, வேறு வழியில்லாமல்தான், “வெட்டுற ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க” என்று முனகினார்.

“அப்ப காரு சார்?” என்று இழுத்தார் அத்தான்.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். மைனாக்களின் கூச்சல் அறைக்குள் கொட்டியது.

“காரைத் தண்ணி ஊத்தித் தொடச்சுக்கலாம் அத்தான். மரத்தைத் தொடச்சுட்டா எதை ஊத்தித் திரும்ப வரவைப்பீங்க? இயற்கை வேணும்னா அதோட எச்சத்தோட, சருகோட சேர்த்துத்தான் வேணும். உசுரைக் கொன்னுட்டுக் குரலை மட்டும் பெட்டியில அடைச்சு வச்சா, அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல, திருட்டு!”