நிலையோடு சேர்ந்த கதவு

நொதிக்காரர் வீட்டு வாசல் கதவு, ஒரு சனிக்கிழமை மதியம், நிலையோடு சேர்ந்து ஒரே பலகையாகிவிட்டது. பூட்டவில்லை, தாழ்ப்பாளும் போடவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த கோடு மறைந்துவிட்டது, அவ்வளவுதான். பின்பக்கக் கதவும் அப்படியே. அவர் வெளியே தெருவில் நின்றார், உள்ளே அவர் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். திங்கள்கிழமை காலை வேறோர் ஊரின் அச்சகத்தில் மேற்பார்வையாளராகப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த நாற்காலி அடுத்தவருக்கு. கணவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்றே கோடை முழுவதையும் ஓட்டியிருந்தார்.

பலகைத் தொழிற்சாலையில் நொதி கலப்பது அவர் வேலை. மரத்தை வேகவைத்து நாராக்கிய கூழில் அவர் ஊற்றும் நொதி, நாருக்குள் உறங்கும் பிசினைத் தட்டி எழுப்பும். நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வேறு பசை வேண்டியதில்லை. போதிய அளவு பிடித்ததும் அழுத்தும் எந்திரத்தின் சூட்டில் நொதி செத்துவிட வேண்டும். அந்த எந்திரத்தில் நின்றவர் மனைவியின் தம்பி. "மாமா, சூட்டை ஏத்தட்டுமா?" என்று அவர் கேட்டபோது, "இரு மச்சான், இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும், என்ன அவசரம்?" என்றார் நொதிக்காரர். கையில் இருக்கும் எதையும் விட மனம் வராத ஆள். பலகைகள் அரைச் சூட்டில் வெளியே வந்தன. சோதனைக்கூடத்தில் அவற்றை உடைக்கப் போன எந்திரம்தான் உடைந்தது. தொழிற்சாலை கைதட்டி, அதே பலகையில் அவர் வீட்டின் இரண்டு வாசலுக்கும் கதவும் நிலையும் செய்து கொடுத்தது. உள்ளே நொதி உயிரோடு இருந்து, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தச்சர் வந்து ரம்பம் போட்டார். ரம்பம் ஒரு சாண் இறங்குவதற்குள் அறுத்த வழி பின்னாலேயே மூடிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர், "பொண்டாட்டி போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானேய்யா, கதவ எதுக்கு ஒட்டவெச்ச?" என்றார். தெருவே சிரித்தது. மனைவி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். காகிதமும் மரநார்தானே, ஞாயிறு விடிந்தபோது நாட்காட்டித் தாள்கள் ஒரே அட்டையாகியிருந்தன. சனிக்கிழமையைக் கிழிக்க முடியவில்லை. சீட்டுக்கட்டு செங்கல்லாகியிருந்தது. மனைவி தன் பெட்டியைத் தூக்கி, ஒட்டாதிருக்கச் சமையல் மேடைக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னங்க, இது எப்படிச் சாகும்?"

"சூடு பட்டா சாகும். ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதான். அறுத்தாதான் உண்டு."

"அப்ப நான் உள்ள இருந்து இஸ்திரிப் பெட்டிய வெச்சு அழுத்துறேன். சூடு வந்த எடத்த நீங்க வெளிய இருந்து அறுங்க."

"அறுத்துட்டா?"

"அறுத்துட்டா நான் போவேன்."

நொதிக்காரர் தச்சரின் ரம்பத்தோடு தெருமுனைவரை போனார், வந்தார், மறுபடி போனார். மைத்துனர் வழிமறித்து, "மாமா, இப்பவும் இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும்னு சொல்லிடாதீங்க. அக்கா என்னயும் சேத்து உரிச்சிடும்" என்றார்.

அவர் திரும்பி வந்து அறுத்தார். சூடு பட்ட இடத்தில் பலகை தீய்ந்த வாடையோடு விட்டுக்கொடுத்தது, மூடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் வயர் நீளம் மார்பு உயரத்துக்கு மேல் எட்டாததால் வழியும் அவ்வளவு உயரம்தான். மனைவி முதலில் பெட்டியைத் தள்ளினார், பிறகு குனிந்து வெளியே வந்தார். கணவர் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "பஸ் போயிடும், வா" என்றார். ஒரு கோடை முழுவதும் அவர் சொல்லாத 'போ' அதற்குள் இருந்தது.

சூடு படாத பலகை அடுத்த சில வருடங்களில் மேசை, அலமாரி, நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. மனைவி அச்சகத்துக்கே மேலாளரானார். வாரக்கடைசியில் வந்து, பையை முதலில் தள்ளிவிட்டுக் குனிந்து நுழைவார். திங்கள் விடிகாலை அப்படியே போவார். புதிதாக வருபவர்கள் மட்டும் தலையை இடித்துக்கொள்வார்கள். அவர்களிடம் "குனிஞ்சு வாங்க" என்பதைத் தவிர அந்த வீட்டில் யாரும் எதையும் விளக்குவதில்லை.