வழுக்குமேட்டுக்கு வேண்டிய இழுவை

ஐந்தருவிக்கு மேலே இருக்கும் மங்குஸ்தான் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற சங்கிலிப்பாண்டிக்கு அந்த ஆடி மாதம் நேர்ந்த தலைக்குனிவு இதுதான்: அவருடைய ஜீப் காலியாக மலை ஏறியது, பழம் பறிக்கப் போகும் பெண்கள் ஆறு பேரும், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி அதன் பின்னாலேயே நடந்து போனார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வாரம் அந்த ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, வழுக்குமேட்டின் நடுவில் இன்ஜின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது. வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. அப்படி உருண்டால் சக்கரத்துக்கு அடை கொடுப்பதற்காகவே ஒரு ஆள் கட்டையோடு பின்பக்கம் தொற்றிக்கொண்டு வருவது மலை ஜீப்புகளில் வழக்கம். இந்த ஜீப்பில் அந்த ஆள் சங்கிலிப்பாண்டியின் மச்சினன் நாறும்பூநாதன். அவன் குதித்துக் கட்டையைப் போட்டான். வண்டியும் நின்றது. ஆனால் அதற்குள் பெண்கள் அத்தனை பேரும் ஓரத்துப் புதருக்குள் குதித்திருந்தார்கள்.

புதரிலிருந்து முதலில் எழுந்தவள் மாரி. பறிக்கிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி. சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இனிமே நடந்தே வாறோம். எங்க கால்ல பிரேக் நல்லா பிடிக்கும்."

தோட்டத்து மேனேஜர் ஆவுடைநாயகம் சாந்தமான மனிதர். சாந்தமாகவே சொன்னார்: "பாண்டி, பொம்பளையாளு ஏற மாட்டேன்னா நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குதேன். அவுகளா வந்து ஏறுனா நீயே ஓட்டு. இல்லன்னா செங்கோட்டையில இருந்து வேற ஜீப்புக்குச் சொல்லிருவேன்."

பட்டாளத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர் சங்கிலிப்பாண்டி. லடாக்கில் பனியில் ஓட்டியவர். அவரை நம்பி ஐந்தருவிக்காரர்கள் ஆறு பேர் ஏற மாட்டோம் என்கிறார்கள்.

நேரே தென்காசிக்கு வந்து, மதுரை ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆதமின் முன்னால் ஜீப்பை நிறுத்தினார். ஆதம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஷார்ஜாவில் பாலைவன ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கை தேர்ந்தவன். அங்கே மணல்மேட்டில் வண்டி விட்டு விளையாடுகிற அரபிகள் அவன் கை பட்ட வண்டியில்தான் உட்காருவார்கள் என்பது அவனே சொல்லும் கதை. போன சித்திரையில் சங்கிலிப்பாண்டியின் ஜீப்புக்குப் பெரிய பெரிய கட்டம் போட்ட டயர்களை மாட்டிவிட்டவனும் அவன்தான். அன்றிலிருந்து அருவிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சங்கிலிப்பாண்டியும் கூப்பிட்டால் வந்து நிற்பார். கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பார்.

"என்னவே, மூஞ்சி காத்துப் போன டியூப் மாதிரி இருக்கு?" என்றான் ஆதம்.

"வண்டிக்கு அடி இழுவை இல்லவே. ஆக்சிலேட்டர மிதிச்சா மேல போயி கத்துது. மெதுவா ஏறும்போது, எங்கன பலம் வேணுமோ அங்கன செத்துருது."

"மேட்டுக்குன்னே தனியா ஒரு லோ கியர் இருக்குல்லா, அதப் போட வேண்டியதுதான?"

"அது பல்லு தேஞ்சு கெடக்கு. போட்டா உதறிருது. சாமான் வர அடுத்த மாசம் ஆவும்னு நீருதான சொன்னீரு."

"சொன்னேன், சொன்னேன். அப்ப டீசல கூட்டுவோம். தீனி குடுத்தா மாடு இழுக்கும்."

பட்டாளத்தில் சங்கிலிப்பாண்டிக்குப் பழக்கிவிட்ட ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் அதே பாரம், அதே மேடு, அதே கியர்; வண்டி முன்னைவிட எவ்வளவு கூட ஏறியது என்று பார்க்க வேண்டும். அதன்படி உரமூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், இன்ஜின் நிற்கிற இடத்தில் ஓரத்துச் செடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார். நாறும்பூநாதன் கட்டினான். அவன் நேந்திரம் சிப்ஸ் தின்றுவிட்டுக் கை துடைக்கிற துணி அது.

மறுநாள் ஆதம் பம்ப்பில் டீசலைக் கூட்டிவைத்தான். மூவரும் மேலே போனார்கள். சாரலும் மஞ்சும் கண்ணை மறைத்தன. ஓரமெல்லாம் ஒரே மாதிரி புதர். இன்ஜின் நின்றது. நாறும்பூநாதன் கட்டையைப் போட்டுவிட்டுத் துணியைத் தேடிக் கீழே இறங்கினான். இறங்கிக்கொண்டே போனான்.

"அத்தான், துணி இங்கன கெடக்கு," என்று வளைவுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "இருபதடி கூட ஏறிருக்கோம்."

ஆதம் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினான். "பாத்தீராவே? ஷார்ஜாவுல சும்மாவா இருந்தேன்?"

இருபதடிக்கு இவ்வளவு டீசல் என்றால் முழு மேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் என்று கணக்குப் போட்டு, பம்ப்பை மேலும் திறந்தார்கள். வியாழக்கிழமை மாரியின் கூட்டம் நடந்து வரும் நேரம் பார்த்து, அவர்கள் கண்முன்னாலேயே மேட்டில் விட்டார் சங்கிலிப்பாண்டி. ஜீப் அடுப்பில் பச்சை விறகு வைத்தது மாதிரி கரும்புகை கக்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஜின் முக்கியது, நின்றது.

"துணி கெடந்த எடத்துக்கு இருபதடி கூட," என்றார் சங்கிலிப்பாண்டி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

மாரி சுற்றிலும் பார்த்தாள். குனிந்து புதரின் அடியிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்து நீட்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

"அண்ணாச்சி, நான் போன வாரம் குதிச்ச பொதரு இதுதான். என் வளையலு இங்கனதான் ஒடைஞ்சு கெடக்கு. இதுல என்ன இருபதடி?"

அப்போது மேலே கிளை அசைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு குரங்கு சிவப்புத் துணியை விரித்துப் பிடித்து, அதிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

"ஏலே நாறும்பு," என்றார் சங்கிலிப்பாண்டி, "ஒனக்கு வேற துணியே கெடைக்கலையா?"

பெண்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அந்தச் சிரிப்பு வளைவு தாண்டியும் கேட்டது.

ஆதம் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் தலைக்கு ஒரு இடம் வேண்டுமே. சங்கிலிப்பாண்டி வண்டியின் பின்னால் போய்ச் சாய்ந்து நின்றார். இரண்டு நாள் வேலையும் வெறும் புகை என்று ஆகிவிட்டது. டீசல் காரணமில்லை. அப்படியானால் பங்குனி வரைக்கும் இதே மேட்டில் இதே பாரத்தோடு ஏறிய வண்டிக்கு அதற்குப் பிறகு என்னதான் வந்தது?

முதுகில் எதுவோ உறுத்தியது. ஸ்டெப்னி. பெரிய டயரில் நாலுதான் கிடைத்தது என்று, ஸ்டெப்னியை மட்டும் பழையதாகவே விட்டிருந்தான் ஆதம். சங்கிலிப்பாண்டி அதைத் திரும்பிப் பார்த்தார். கீழே மாட்டியிருந்த டயரைப் பார்த்தார். ஸ்டெப்னியைக் கழற்றி இறக்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அண்ணனும் தம்பியும் மாதிரி நின்றன இரண்டும்.

"ஆதம், இங்கன வாரும்."

ஆதம் வந்து பார்த்தான். சாண் போட்டு இரண்டையும் அளந்தான்.

"சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்குக் கூடுதலா தூரம் போவணும்லா? கூட தூரம் போவணும்னா கூட இழுக்கணும்லா? கியர ஒசத்திப் போட்டுட்டு மேட்டுல மிதிக்கச் சொன்ன கதையால்லா இருக்கு."

"அங்க மணல்ல இதுதான்வே சரி," என்றான் ஆதம், டயரைத் தடவிக்கொண்டே. "தூரத்துல இருந்து வேகமா வந்து, அந்த வேகத்துலயே மேட்டத் தாண்டிருவோம். அடியில இழுவை யாரு கேட்டா?"

"இங்கன வேகமா வந்தா நேரா அருவிக்குள்ளதான் போவணும்."

"அப்ப கழட்டணும்ங்கீரு."

சங்கிலிப்பாண்டி டயரையே பார்த்தார். கட்டம் கட்டமான அந்த ரப்பரில் செம்மண் அப்பியிருந்தது. சேற்றோடு பார்க்க இன்னும் எடுப்பாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சென்னைக் குடும்பம் அதன் மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்தது.

"கழட்டும்," என்றார்.

பழைய டயர்கள் ஆதமின் ஒர்க் ஷாப்பிலேயே இருந்தன. இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பலகை போட்டு, வருகிறவர்கள் உட்கார ஆசனமாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டுத்தான் அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வேலை நடந்தது. முதலில் டயர் மட்டும். ஏறிப் பார்த்தார்கள்; மாரியின் புதரைத் தாண்டி இன்ஜின் திணறியது. அடுத்து பம்ப்பைப் பழையபடி குறைத்தான் ஆதம், புகை போயிற்று. காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குளவிக்கூடு. அதையும் எடுத்து, டீசல் விழுகிற டைமிங்கையும் சரியாக வைத்தபின், சனிக்கிழமை உரமூட்டைகளோடு ஜீப் உச்சி போய்ச் சேர்ந்தது. இந்த முறை அடையாளத்துக்குத் துணி இல்லை. பாறையில் பெயிண்ட்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டின் அடியில் பெண்கள் வந்து நின்றார்கள். சோதனைக்கு ஏற்றிய உரமூட்டைகளில் இரண்டு இன்னும் ஜீப்பின் பின்னால் கிடந்தன. சங்கிலிப்பாண்டி ஏறச் சொல்லவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார்கள் என்று தெரியும். முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, இரண்டு காலையும் எடுத்து வண்டியின் தரையில் வைத்துக்கொண்டார். ஜீப் டுக் டுக் டுக் என்று தானாக நகர்ந்தது. சப்பரம் போகிற வேகம்தான்.

பெண்கள் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். புதர் வந்தது, போனது. மாரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மிதிக்கவே இல்லியா?"

"கால் ரெண்டும் இங்கனதான இருக்கு. பாரு."

"டயரையும் சின்னதா மாத்திட்டீங்க. இப்ப யாரு போட்டோ எடுப்பா?"

"எடுக்கவங்க எடுப்பாங்க. நீ வழியப் பாத்து நட."

மாரி கொஞ்ச தூரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மேடு செங்குத்தாகிற இடம் வந்தது. இன்ஜின் சத்தம் மாறவில்லை. அவள் தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்தாள்.

"நிப்பாட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஓடுகிற ஜீப்பின் பின்பக்கமாக ஒரு காலை வைத்து ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, என்ன மசமசன்னு நடக்குதீங்க? வாங்க," என்று அதட்டினாள்.

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் இன்ஜின் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியது; தாழ்த்தி, பிடித்துக்கொண்டு, மறுபடி அதே நடையில் போனது. ஒவ்வொரு தடவையும் சங்கிலிப்பாண்டியின் வலது கால் மிதிக்கத் துடித்தது. மிதிக்கவில்லை.

உச்சியில் ஆவுடைநாயகம் குடையோடு நின்றிருந்தார். இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். மாரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, திரும்பினாள்.

"அண்ணாச்சி, சாயங்காலம் கூடையோட வருவோம். உரமூட்டைய எறக்கிட்டு எடம் பண்ணி வையுங்க."