கூத்தாநல்லூர் ராவுத்தர்

சவரியம்மாள் ஒட்டுக்கேட்கிற ரகம் இல்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காக்காயிடமிருந்து காப்பாற்றப் போனவள், மகள் அறைக்குள் செல்போனில் பேசுவது காதில் விழுந்ததால் நின்றாள். கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.

"கூத்தாநல்லூர் ராவுத்தர் சனிக்கிழமை வந்துடும்டி," என்றாள் அருள்ஜோதி. "நடுவுல எதுவும் வேண்டாம். நேரா சேத்துடலாம்."

சவரியம்மாள் வடகத்தை மறந்தாள். ‘வந்துடுவாரு’ என்றிருந்தால்கூட யாரோ பெரிய மனுஷன் என்று விட்டிருப்பாள். ‘வந்துடும்’ என்கிறாளே! கட்டிய புருஷனை ‘அது இன்னும் சாப்பிடலை’ என்றே சொல்லிப் பழகியவள் சவரியம்மாள். ஓர் ஆம்பளையை அஃறிணையில் சொல்ல எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சும்மா சேத்தா சேராதாம்டி," என்றாள் மகள் மறுபடியும். "க்ராஸ் போட்டாத்தான் சேருமாம்."

சவரியம்மாள் தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். ஆக, ஞானஸ்நானம் வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டது. பெற்றவளுக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

புருஷன் அருள்சாமி குவைத்தில் டிரைவர். கல்யாணமான நாள் முதலாக அவளுக்கு வாய்த்தது வருஷத்துக்கு ஒரு மாசப் புருஷன். அதனால்தான் மகள் வல்லத்தில் இன்ஜினியரிங் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவைத்தாள்: "இந்த வீட்டுலேருந்து இன்னொரு ஆளு ஏரோப்ளேன் ஏறக் கூடாது." பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்குத் திரும்புகிற தூரத்தில் ஒரு மாப்பிள்ளை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

மகளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மகள் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். தலைக்குக் குளித்தாலும் சந்தேகம். ‘பரீட்சைக்கு’ என்று சொல்லி அறையில் வைத்திருந்த கறுப்புப் பெட்டியைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பொறுக்க முடியாமல், திருக்காட்டுப்பள்ளியில் உரக்கடை வைத்திருக்கும் தம்பி சகாயராஜுக்குப் போன் போட்டாள்.

"ஊருக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுடணும்க்கா," என்றான் அவன். "பூதலூர் பையன் வீட்டுக்காரங்களை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். புடிச்சுப்போச்சுன்னா அன்னிக்கே வாக்கு கொடுத்துடுவோம். பொண்ணுகிட்ட மூச்சு விடாதே."

சரி என்றாள். மூச்சும் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலைக்குச் சாயம் போட்டிருந்தார். சவரியம்மாள் அந்தச் சாயத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஹாஜா மைதீன்ங்க, கூத்தாநல்லூர். பாப்பா வரச் சொல்லியிருந்துச்சு."

"நீங்க ராவுத்தரா?"

"ஆமாங்க," என்றார் பெருமையாக. "எங்க அத்தா காலத்துலேருந்து சிங்கப்பூர் யாவாரம்."

கேட்டைத் திறக்காமலே, மனசைத் திடப்படுத்திக்கொண்டு சவரியம்மாள் கேட்டாள். "க்ராஸ் போடச் சம்மதமா?"

"அது போடாம எப்படிம்மா சேரும்? கையோட கொண்டாந்துட்டேனே!"

பையிலிருந்து சங்கிலி வரும் என்று பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு ஒயர்ச் சுருள் வந்தது. பின்னாலேயே மாடியில் இருப்பதைப் போலவே ஒரு கறுப்புப் பெட்டி.

"ஒரே மாதிரி ரெண்டு பெட்டியைச் சேக்க சாதா ஒயர் ஆகாதுங்க. ரெண்டும் ஒரே கம்பியிலதான் பேசும். ரெண்டும் பேசுனா கேக்கறது யாரு? உள்ள கம்பியை மாத்திப் போட்டிருக்கும். அதான் க்ராஸ் ஒயர். இது ரவுட்டர்."

"ராவுத்தரா?"

"ரவுட்டர்ங்க. ராவுத்தர் நாந்தான்."

சவரியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தோணியாருக்கு நூறு நன்றி சொன்னாள். கேட்டைத் திறந்து, உட்காரவைத்து, கெட்டிப் பாலில் காபி போட்டுக் கொடுத்தாள். சந்தேகப்பட்ட பாவத்துக்குச் சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

"பாப்பா கெட்டிக்காரப் பொண்ணுங்க," என்றார் அவர், காபியை ஆற்றிக்கொண்டே. "நாளைக்கு மெட்ராஸ் போவுதாமே. அந்தக் கம்பெனிக்காரங்க முன்னால இதைச் சேத்துக் காட்டணுமாம். வேலை கெடைச்சுட்டா சொல்லுங்க. சிங்கப்பூர்ல எங்க மச்சான் வீடு இருக்கு, ஒரு கவலையும் வேண்டாம்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பெட்டியையும் ஒயரையும் சவரியம்மாளே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வந்தது யார் என்று பார்த்ததும் அருள்ஜோதியின் முகம் வெளுத்தது.

"சேத்துக் காட்டு, பாப்போம்," என்றாள் சவரியம்மாள்.

மகள் ஒயரின் ஒரு முனையைப் பழைய பெட்டியிலும் மறுமுனையைப் புதுப் பெட்டியிலும் செருகினாள். கம்ப்யூட்டரில் என்னென்னமோ தட்டினாள். இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு புள்ளி விழுந்தது. அதன் பின்னால் நான்கு ஆச்சரியக்குறிகள்.

"கூப்புட்டா பதில் சொல்லுதும்மா."

"மொதல்ல ஏன் புள்ளி?"

"மொத தடவை கூப்புடறது அனேகமா வீணாயிடும். எதிர்ல இருக்கறது யாருன்னு தெரியாதுல்ல. தெரிஞ்சுக்கிட்டப்புறம் ஒழுங்கா பதில் வரும்."

சவரியம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சிங்கப்பூரா?"

மகள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"ஜோதி, சிங்கப்பூரா?"

"ஆமாம்மா." மகளின் கண் நிறைந்துவிட்டது. "சொன்னா நீ விடமாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்." சவரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு மறைச்சேன். நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

அருள்ஜோதி அம்மாவையே பார்த்தாள். மேசையில் இரண்டு பெட்டிகளின் விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது. இதைவிட அந்த ராவுத்தர் மாப்பிள்ளையே மேல், கூத்தாநல்லூருக்குப் பஸ்ஸாவது இருக்கிறது என்று சவரியம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு மகளின் செல்போனை வாங்கி, தம்பிக்குப் போட்டாள்.

"நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வராதேடா. இவ மெட்ராஸ் போறா."

"யாரு கூட?" சகாயராஜ் போட்ட கத்தல் அறை முழுக்கக் கேட்டது. "அந்த ராவுத்தர் கூடயா?"

"அவரு காபி குடிச்சுட்டு அப்பவே போயிட்டாரு," என்றாள் சவரியம்மாள். "இவ தனியாத்தான்டா போறா."

அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.