ஐந்து காலிக் கட்டங்கள்

கோடை விடுமுறையில் எட்டு வாரம் தும்பி எண்ணும் ஆராய்ச்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எண்ணுவதற்கு எதற்குக் கல்லூரி வரைக்கும் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். முந்நூறு விண்ணப்பத்தில் ஆறு பேரைத்தான் எடுத்தார்கள் என்றேன். மற்ற இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்றார்.

கிண்டல் இருக்கட்டும். எட்டு வாரம் முடிந்ததும் பேராசிரியர் ஒரு நல்ல கடிதம் கொடுத்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் அத்தை மகனின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார வேண்டியதுதான். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்.

மொத்தம் பன்னிரண்டு குட்டைகள். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றின் கரையிலும் உச்சி வெயிலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, வந்த தும்பிகளை எண்ணித் தாளில் இருக்கும் கட்டத்தில் எழுத வேண்டும். முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக இதையே செய்துகொண்டிருந்த அக்காவிடம் என்னை ஒப்படைத்தார்கள். சொந்த அக்கா இல்லை; ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒன்றும் வரவில்லையென்றால் பூஜ்யம் போடு, போகவில்லையென்றால் குறுக்கே கோடு போடு, காலியாக மட்டும் விடாதே என்று முதல் நாளே சொன்னாள். நான் எங்கே கேட்டேன்? இல்லாததை எதற்கு எழுதுவது என்று பூஜ்யம் வர வேண்டிய இடத்தையெல்லாம் காலியாக விட்டேன். மூன்றாவது வாரக் கடைசியில் தாளைப் பார்த்தவள், காலி என்றால் பூஜ்யம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

நான்காவது வாரம்தான் வினை. ஒன்பதாவது குட்டைக்குப் போகும் வழியில் கல் உடைக்கும் ஆலை ஒன்று முந்தின வாரம்தான் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது. காவலாளியின் நாய்கள் இரண்டு என்னைச் சாலை வரைக்கும் துரத்தின. ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். கோடு போட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்று கட்டத்தை அப்படியே விட்டேன். அடுத்த மூன்று வாரமும் போகவில்லை. முதல் தடவை நாய். மற்ற மூன்றும் நாயின் மேல் பழியைப் போட்ட சோம்பல்.

கடைசி வாரத் திங்கட்கிழமை பேராசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அக்கா தயாரித்த அட்டவணை இருந்தது. ஒன்பதாவது குட்டை: பதினொன்று, ஏழு, அப்புறம் வரிசையாக ஐந்து பூஜ்யம். அந்த ஐந்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஆலைப் புழுதி குட்டையைக் காலி செய்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை கல்லூரியில் நடக்கும் கூட்டத்தில் அக்கா பேசப் போகிறாள். ஆலைக்காரர்களும் வருகிறார்களாம்.

"மூணு வருஷத்துல இப்பதான் ஒரு பதில் கிடைச்சிருக்கு," என்றாள் என்னைப் பார்த்து. "உன்னாலதான்."

பேராசிரியர் கடிதத்தை இந்த வாரமே எழுதித் தருவதாகச் சொன்னார். சிரித்து வைத்தேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பரீட்சையா என்றாள். கிட்டத்தட்ட என்றேன். அந்த நான்கு வாரமும் நிஜமாகவே தும்பி வராமல் இருந்திருக்கலாமே, அப்படியிருந்தால் நான் சொன்னது பொய்யே இல்லையே என்று எனக்கு நானே வக்கீலாகிக் கொண்டிருந்தேன்.

புதன்கிழமை உச்சியில் அப்பாவின் பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு போனேன். லாரிக்கு அடியில் படுத்திருந்த நாய்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததோடு சரி. கரையில் உட்கார்ந்தேன். கோரைப் புல்லெல்லாம் வெள்ளைப் புழுதி. ஒரு தும்பிகூட வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே எண்ண உட்கார்ந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தண்ணீருக்கு மேலே ஏதோ அசைந்தது. காய்ந்த இலை. கால் மணி நேரமும் ஒன்றும் வரவில்லை.

துள்ளிக் குதிக்காத குறைதான். அப்புறம்தான் உறைத்தது. ஒரு குட்டை செத்துக் கிடக்கிறது, நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

திரும்பும்போது காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான் போல.

"என்னம்மா, ஒரு மாசமா ஆளையே காணோம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆலைக்காரர்கள் இதையே கேட்டால் அக்கா மேடையில் நின்று என்ன சொல்வாள்? மனசாட்சி உறுத்திப் போன் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பயந்துதான் செய்தேன்.

"அக்கா, ஒன்பதாவது குட்டைக்கு நாலு வாரம் நான் போகவே இல்ல. அந்தக் காலிக் கட்டமெல்லாம் பூஜ்யம் இல்ல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தேதி சொல்லு," என்றாள்.

தாள் பையில்தான் இருந்தது, எடுக்கத் தேவைப்படவில்லை. நான்கு தேதியையும் வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு என்ன?"

"இன்னைக்குப் பூஜ்யம்க்கா."

இந்தத் தடவை கீபோர்டு சத்தம் கேட்கவில்லை.

"போனியா?" என்று கேட்டாள்.

எட்டு வாரத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.